ஜனாதிபதி ஊரில்தான் இருக்கிறார்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் மூன்று நாட்டுத் தூதர்கள் அடுத்தடுத்து வந்து நற்சான்றுக் கடிதம் கொடுத்தார்கள். மூவருக்கும் ஒரே பதில்தான் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள்: "நம் இரு நாடுகளின் நட்பு மேலும் வலுப்பெறட்டும்." மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. பல்லைக் கடித்து அடக்கியதில் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. நான் நெகிழ்ந்துவிட்டேன் என்று நினைத்து அந்த மனிதர் தன் கைக்குட்டையை நீட்டினார். இனி அந்த நாட்டோடு உறவுக்குக் குறைச்சல் இருக்காது.

மத்தியானம் என் செயலாளர் ஒரு அழைப்பிதழ் கொண்டுவந்தார். கால்நடை மருத்துவர்களின் உலக மாநாடு. இந்த மாதம் 22 முதல் 27 வரை. நான்தான் தலைமை விருந்தினராம். கடல் கடந்து போக வேண்டும்.

முப்பத்து நான்கு வருடம் தோள்பட்டை வரை மாட்டுக்குள் கையை விட்டு வேலை பார்த்தேன். அப்போதெல்லாம் பக்கத்து ஊர் மாநாட்டுக்குக்கூட ஒருத்தன் கூப்பிடவில்லை. ஜனாதிபதி ஆகி ஒன்றரை வருடம் ஆகிறது, மாட்டை தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி, இப்போது கூப்பிடுகிறார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது. பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 5, வியாழன்

வியாழன்தோறும் பிரதமர் வந்து நாட்டு நடப்பைச் சொல்ல வேண்டும் என்பது விதி. வழக்கமாகப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார். இன்று நாற்பது நிமிடம் உட்கார்ந்தார். பிஸ்கட்கூடத் தின்றார். அப்போதே எனக்குச் சந்தேகம்.

கடைசியில் கோப்பைத் திறந்தார். அவசரச் சட்டம். நாட்டில் நெருக்கடி நிலவுவதால் வரப்போகும் பொதுத்தேர்தல் ஓராண்டு தள்ளிவைக்கப்படுகிறது. கீழே என் கையெழுத்துக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

"ஒரே ஒரு வருஷம், டாக்டரம்மா. நாடு இன்னும் சின்னப் புள்ள. பதினோரு வயசு. இப்பப் போயி தேர்தல் அது இதுன்னு குலுக்கக் கூடாது."

"நெருக்கடின்னு போட்டிருக்கே, யாருக்கு?"

சிரித்தார். இன்னொரு பிஸ்கட் எடுத்தார். நாடு பிறந்த நாளிலிருந்து இவர்தான் பிரதமர். இரண்டு தேர்தலிலும் மற்றவர்களைத் துடைத்துப் போட்டார். இந்த முறை காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது என்பது தெருவில் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும். எனக்கும் தெரியும்.

இவரை எனக்குப் பிடிக்கும். அதுதான் சங்கடம். ஜனாதிபதி பதவிக்கு இரண்டு கோஷ்டிகள் மூன்று நாள் அடித்துக்கொண்டு கிடந்தபோது, "யாருக்கும் பகையில்லாத ஒருத்தர் வேணும்" என்று தேடி என்னைப் பிடித்தவர் இவர். அவர் வீட்டு நாய்க்கு நான்தான் வைத்தியம். "சும்மா கையெழுத்துப் போடுற வேலைதான் டாக்டரம்மா. ஆஸ்பத்திரியில நீங்க போடாத கையெழுத்தா?" என்றார் அன்றைக்கு.

படித்துப் பார்க்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

மார்ச் 6, வெள்ளி

சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். சந்தேகம் இருந்தால் ஜனாதிபதி அமைச்சரவையிடம் எழுத்தில் விளக்கம் கேட்கலாம். எத்தனை தடவை என்று போடவில்லை. எழுதியவர்கள் வாழ்க.

ஆறு கேள்வி எழுதி அனுப்பினேன். நெருக்கடி எந்தத் தேதியில் தொடங்கியது? காலையிலா, மாலையிலா? எந்த மாவட்டத்தில்? அது ஓராண்டில் முடியும் என்று எப்படித் தெரியும்? ஓராண்டு என்பது 365 நாளா, 366 நாளா? இதற்குமுன் இப்படி நெருக்கடி வந்தபோது என்ன செய்தோம்?

தட்டச்சு செய்த பெண் ஐந்தாவது கேள்வியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தேன்.

மார்ச் 9, திங்கள்

இன்னொரு அழைப்பு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று எனக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்கிறதாம். 23ஆம் தேதி. "நான் ஏற்கெனவே டாக்டர்தானே" என்றேன். "இது கௌரவமான டாக்டர், மேடம்" என்றார் செயலாளர். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மார்ச் 11, புதன்

இன்று வந்ததுதான் உச்சம்.

எங்கள் வீட்டுக்காரரின் மூட்டு வலிக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சையாம். ஏற்பாடெல்லாம் அரசாங்கமே செய்கிறதாம். 22ஆம் தேதி. மனைவி கூட இருக்க வேண்டுமாம்.

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பாவம் மனிதர். நில அளவையராக இருந்து காடு மேடெல்லாம் சங்கிலியும் கொடியுமாக அலைந்து ஓய்வு பெற்றவர். இந்த மாளிகையில் அவருக்கென்று ஒரு வேலை கிடையாது. மரபு விதிப் புத்தகத்தில் ‘ஜனாதிபதியின் மனைவி’ என்று ஒரு பக்கம் இருக்கிறது, கணவருக்கு ஒரு வரிகூட இல்லை. அதனால் மனைவி செய்ய வேண்டியதை எல்லாம் இவர் செய்கிறார். போன மாதம் மலர்க் கண்காட்சிக்கு நடுவராகப் போய், பையிலிருந்து நாடாவை எடுத்து ஒவ்வொரு பூவையும் குறுக்கே அளந்து, பெரிய பூவுக்கு முதல் பரிசு கொடுத்துவிட்டு வந்தார். பூ வளர்த்தவர்கள் இன்னும் ஆறவில்லை.

"போலாமா?" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

"மூணு அழைப்பு, மூணு ஊரு. ஒரே வாரம். உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?"

"எனக்கு முட்டி வலிக்குது. அதுதான் தோணுது."

எனக்குத் தோன்றியது. மூன்று தொழுவத்தில் ஒரே வாரம் மாடு நோயில் படுத்தால் நான் மாட்டைப் பார்க்க மாட்டேன். தண்ணீரைப் பார்ப்பேன்.

மார்ச் 12, வியாழன்

பிரதமர் வந்தார். என் ஆறு கேள்விக்கும் பதில் கொண்டுவந்தார். ஐந்தாவதற்கு, "365" என்று மட்டும் இருந்தது. வாங்கிக்கொண்டு புதிதாக ஒன்பது கேள்வி கொடுத்தேன்.

"டாக்டரம்மா, விளையாடுறீங்க."

"கால்நடை டாக்டருக்குச் சட்டம் தெரியுமா? மெதுவாத்தான் ஏறும்."

அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். தேநீர் பாதியில் நின்றது.

மார்ச் 14, சனி

தையல்காரர் ரவிக்கை அளவெடுக்க வந்திருந்தார். சபாநாயகரின் மனைவியும் அதே ஆளிடம்தான் தைக்கிறாள். அவளையும் கூப்பிட்டிருந்தேன். அவள் வாய் ஓயாது. எனக்கும் இந்த மாளிகையில் பேச ஆள் கிடையாது.

"எங்க வீட்டுல என்ன நடக்குதுன்னே தெரியல அக்கா. இவரு புதுக் கோட்டு தைக்கக் குடுத்திருக்காரு. புதுப் பேனா வாங்கியிருக்காரு. பழைய காலண்டர் பின்னாடியெல்லாம் கையெழுத்துப் போட்டுப் போட்டுப் பாக்குறாரு. கீழ ‘பதில் ஜனாதிபதி’ன்னு வேற எழுதுறாரு. என்னங்கன்னு கேட்டா, இருபத்திரண்டுலருந்து எங்கயும் நகரக் கூடாதுங்குறாரு."

தையல்காரர் நாடாவை என் கழுத்தில் போட்டபடி அப்படியே நின்றுவிட்டார். நானும் அசையவில்லை.

அவள் போன பிறகு சட்டப் புத்தகத்தை எடுத்தேன். இருக்கிறது. ஜனாதிபதி நாட்டின் எல்லைக்கு வெளியே இருக்கும் நேரமெல்லாம் சபாநாயகரே ஜனாதிபதி. எல்லைக்கு வெளியே கால் வைக்கும் கணத்திலிருந்து, உள்ளே கால் வைக்கும் கணம் வரை. ஆறு வாரத்தில் அவசர அவசரமாக எழுதிய சட்டம் இது. அப்போது இப்படி யார் யோசித்திருப்பார்கள்?

அவர்களுக்கு வேண்டியது என் கையெழுத்து அல்ல. என் கால்.

26ஆம் தேதிதான் தேர்தல் ஆணையர் வாக்காளர் பட்டியலை முடித்து, தேர்தல் அறிவிப்பை என்னிடம் கொண்டுவருகிறார். அதில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு தேர்தலைத் தள்ளிவைக்க எந்தச் சட்டத்திலும் வழியில்லை. அதற்கு முன் நான் ஒரு அடி வெளியே வைத்தாலும் சபாநாயகர் அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆக, பன்னிரண்டு நாள். நான் இந்த நாட்டு மண்ணிலேயே நிற்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு மாடு செய்கிற வேலை.

கோபமாக வருகிறது. என்னை என்னவென்று நினைத்தார்கள்? பட்டம் கொடுத்தால் பல்லைக் காட்டிக்கொண்டு ஓடுவேன் என்றா? மூட்டு வலிக்காரரைத் தூண்டிலில் மாட்டிப் போடுகிறார்களே, வெட்கமாயில்லை?

மார்ச் 16, திங்கள்

மூன்றுக்கும் நன்றி, வர இயலவில்லை என்று எழுதிவிட்டேன். இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்ப வலிக்கட்டும் விடு" என்றார்.

மார்ச் 17, செவ்வாய்

விடுவதாக இல்லை. இன்று வந்த கோப்பு: எல்லை ஆற்றுப் பாலம் திறப்பு விழா. 24ஆம் தேதி. அந்தப் பக்கத்திலிருந்து அவர்கள் ஜனாதிபதி வருகிறார், இந்தப் பக்கத்திலிருந்து நான். நடுவில் ரிப்பன். இது பயணம் இல்லை, உள்நாட்டு விழா. மறுத்தால் பக்கத்து நாட்டுக்கு அவமானம்.

செயலாளர் ஒரு வரைபடத்தையும் விரித்தார். "பாலத்து நடுவுல வெள்ளைக் கோடு போட்டிருக்கு மேடம். ரிப்பன் கோட்டுக்கு இந்தப் பக்கம். நீங்க கோட்டைத் தாண்டவே வேண்டாம்." அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியும் என்பதும் தெரிந்திருக்கிறது. ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நல்ல செயலாளர்.

மார்ச் 19, வியாழன்

பிரதமர் வரவில்லை. சளியாம். இருபத்து மூன்று கேள்விகள் அனுப்பி வைத்தேன், நலம் விசாரித்து ஒரு கடிதத்தோடு.

மார்ச் 22, ஞாயிறு

பாலத்துக்குப் போவதா வேண்டாமா என்று காலையிலிருந்து மண்டையைக் குடைகிறது. போகாமல் இருக்கலாம். காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒளிந்துகொண்ட ஜனாதிபதியின் கையெழுத்துக்கு என்ன மரியாதை? போகிறேன். கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கத் தெரியாதா எனக்கு?

இவரும் வருகிறேன் என்றார். "முட்டியோட எதுக்கு?" "ஆத்தப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

மார்ச் 23, திங்கள்

பயமாக இருக்கிறது. இங்கே எழுதினால் என்ன, யார் படிக்கப்போகிறார்கள்? பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

இன்னும் தூக்கம் வரவில்லை. சிரித்ததாலா, பயந்ததாலா, தெரியவில்லை. ஒன்றுவிடாமல் எழுதிவிட வேண்டும்.

மூன்று மணி நேரம் கார். பத்தரைக்குப் பாலத்தடி. வாத்தியக் குழு, தொலைக்காட்சி வண்டி, வெயிலில் நிற்கும் கூட்டம். பொதுப்பணி அமைச்சர் வரவேற்றார். வேண்டியதற்கு மேல் குனிந்தார். பாலத்தில் இரண்டு பக்கமும் விளக்குக் கம்பம், புதுப் பெயிண்ட் வாடை. தூரத்தில் ரிப்பன். அதற்கு அப்பால் பளபளவென்று வெள்ளைக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பந்தல், அதில் பக்கத்து நாட்டு ஜனாதிபதி.

நடந்தேன். அமைச்சர் ஒரு பக்கம், இவர் நொண்டி நொண்டி இன்னொரு பக்கம். நான் கோட்டையே பார்த்துக்கொண்டு போகிறேன். இவரோ கைப்பிடிச் சுவர் வழியாகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வருகிறார். நாலாவது விளக்குக் கம்பத்தைத் தாண்டினேன்.

"நில்லு."

ஒரு காலைத் தூக்கியபடி நின்றேன்.

"என்னங்க?"

குரலைத் தாழ்த்தவே இல்லை மனிதர். "முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்த ஆத்த அளந்தது நான். அப்ப இது நாட்டு எல்லை இல்ல, ரெண்டு ஜில்லாவுக்கு நடுவுல எல்லை. அதே வரைபடத்தைத்தான் ரெண்டு நாடும் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுச்சு. எல்லை பாலத்து நடுவுல இல்ல. ஆழமான தண்ணி எங்க ஓடுதோ, அங்க. அது நம்ம கரையை ஒட்டித்தான் ஓடுது. பார், தண்ணி கறுப்பாத் தெரியுதுல்ல? அஞ்சாவது கம்பத்துக்கு நேரா."

ரிப்பன் எட்டாவது கம்பத்தில் கட்டியிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளைக் கோட்டைத் தாண்டாமல், சமர்த்தாக இந்தப் பக்கமே நின்று ரிப்பனை வெட்டியிருந்தாலும், நான் வெளிநாட்டில் நின்றிருப்பேன். தூக்கிய காலை மெதுவாக இறக்கி, இருந்த இடத்திலேயே வைத்தேன். உள்ளங்கால் வேர்த்துவிட்டது.

"மேடம், இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்றார் அமைச்சர்.

"இங்கேருந்தே நல்லாத் தெரியுது."

"ரிப்பன் அங்க இருக்கே மேடம்."

"அதுக்கு என்ன, கால் முளைக்காதா? வரச் சொல்லுங்க."

அமைச்சர் இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாலத்தடியில் நின்ற தன் காரைப் பார்த்தார். யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று வாத்தியக் குழுவைக்கூடப் பார்த்தார். அவர்கள் அதே பாட்டை நாலாவது தடவையாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இரண்டு போலீஸ்காரர்கள் ரிப்பனைக் கம்பத்திலிருந்து அவிழ்த்து, ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு என்னிடம் நடந்து வந்தார்கள். வெட்டினேன். கூட்டம் கைதட்டியது.

இதற்குள் இவர் பையிலிருந்து நாடாவை எடுத்து, ஒரு போலீஸ்காரரை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, ஐந்தாவது கம்பத்திலிருந்து என் செருப்பு வரை அளந்து குறித்துக்கொண்டார். "பதினோரு அடி நாலு அங்குலம், உள்ள" என்றார். தொலைக்காட்சியில் நேரடி வர்ணனை செய்தவருக்கு என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. ‘பாலம் திறக்கும்போது தலைவரின் காலடியை அளப்பது நம் நாட்டின் புதிய மரபு’ என்று அடித்துவிட்டாராம். வீட்டுக்கு வந்து ஒளிபரப்பைப் பார்த்துவிட்டு இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தப் பக்கத்து ஜனாதிபதி, பட்டாளத்துக்காரர், தொந்தியும் பதக்கமுமாகப் பந்தலிலிருந்து எழுந்து என்னை நோக்கி வந்தார். பின்னாலேயே அவருடைய உதவியாளர் ஓடிவந்து காதில் ஏதோ சொன்னார். அவர் சட்டென்று நின்றுவிட்டார். ஐந்தாவது கம்பத்துக்கு அந்தப் பக்கம். இவர் நாடாவோடு போய், "ஐயா, இன்னும் மூணு அடி வரலாம்" என்று சைகை காட்டினார். சரியாக மூன்று அடி வந்தார்.

நாற்காலி போட்டார்கள், அவருடையது அங்கே, என்னுடையது இங்கே. நடுவில் சின்ன மேசை. மேசைக்கு இரண்டு கால் அந்த நாட்டில், இரண்டு கால் எங்கள் நாட்டில். மொழிபெயர்ப்பாளர் பாவம், நடுவில் காலை அகட்டி நின்றார். தேநீர் வந்தது.

அவர் குனிந்து என்னவோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எங்க ஊர்லயும் ஒருத்தர் பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காருன்னு சொல்றார்."

நான் சிரித்ததில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. அவரும் தொந்தி குலுங்கச் சிரித்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேருக்கும் எழுந்திருக்க மனமில்லை.

மார்ச் 25, புதன்

காலை ஏழு மணிக்கே சபாநாயகரின் மனைவி வந்து நிற்கிறாள். கண்ணெல்லாம் வீங்கியிருக்கிறது.

"அக்கா, அவரு போட்டுட்டாரு."

"என்னத்த?"

"கையெழுத்த. நேத்து டிவியில நீங்க அந்த ஊரு ஜனாதிபதியோட உட்கார்ந்து டீ குடிக்கிறதப் பாத்துட்டு, தாண்டிட்டாங்கன்னு நினைச்சுப் போட்டு, முத்திரையும் வச்சு, பிரதமருக்கு அனுப்பிட்டாரு. அப்புறம்தான் போன் வந்துச்சு, நீங்க தாண்டவே இல்லன்னு. நேத்துலருந்து குளியலறைக்குள்ள போயி உட்கார்ந்திருக்காரு. கதவத் திறக்க மாட்டேங்குறாரு. ஜனாதிபதி ஊருக்குள்ள இருக்கும்போது ஜனாதிபதின்னு கையெழுத்துப் போட்டா ஜெயிலாமே?"

சிரிப்பு வந்தது. அவள் அழுகிறாளே என்று அடக்கினேன். உண்மையில் ஜெயில்தான். அந்தத் தாளை மட்டும் வெளியே விட்டால் சபாநாயகர் போவார், அமைச்சரவை போகும், பிரதமர் போவார். ஒரு நிமிடம், ஒரே நிமிடம், எனக்கு ஆசையாக இருந்தது. மறைக்க மாட்டேன்.

"அவர முதல்ல குளிச்சிட்டு வெளிய வரச் சொல்லு. உள்ளதான உட்கார்ந்திருக்காரு" என்று சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் பிரதமர் தானாகவே வந்தார். சளி இல்லை. தாளை மேசைமேல் வைத்தார். சபாநாயகரின் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது. பழகியிருக்கிறார் அல்லவா?

"கோடு யாரு போட்டது?" என்று கேட்டேன்.

"பெயிண்டர்."

"எங்க போடணும்னு பெயிண்டருக்கு யாரு சொன்னது?"

தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்.

"இது வெளிய போனா அந்த மனுஷன் மானம் போயிடும், டாக்டரம்மா."

"உங்க மானம்?"

எனக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. "உங்க நாய்க்கு நாலு நாள் கண்ணு முழிச்சு வைத்தியம் பாத்தவ நான். என்கிட்ட நேராக் கேட்டிருக்கலாம்ல? மாட்ட ஓட்டுற மாதிரி இந்தப் பக்கம் புல்லு, அந்தப் பக்கம் புல்லுன்னு காட்டி ஓட்டப் பாத்தீங்களே!"

"நேராத்தான் கேட்டேன். நீங்க இருபத்து மூணு கேள்வி அனுப்புனீங்க."

அதுவும் சரிதான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"என்னை நம்பலையா?"

"உங்கள நம்புறேன். ஒரு வருஷத்துல தேர்தல் வைப்பேன்னா வைப்பீங்க. உங்களுக்கு அப்புறம் இதே நாற்காலியில வர்றவன், டாக்டரம்மா போட்ட கையெழுத்துன்னு இதக் காட்டி, பத்து வருஷம் கேப்பான். அவன் யாருன்னு எனக்குத் தெரியாது. அவன நம்பல."

தாளின் ஓரத்தை மடித்தார், நீவினார். "நான் தோத்துருவேன், டாக்டரம்மா" என்றார். பதினோரு வருடத்தில் அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. தோற்பார் என்றுதான் எனக்கும் தோன்றியது.

தாளை அவர் பக்கம் தள்ளினேன். "நீங்களே கிழிங்க."

நாலாகக் கிழித்தார். அப்புறம் எட்டாக.

நான் செய்தது சரியா? குற்றத்தை மூடிவிட்டேனே. ஒரு நீதிபதி இந்த நாற்காலியில் இருந்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார். தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை.

மார்ச் 26, வியாழன்

தேர்தல் ஆணையர் வந்தார். கையெழுத்துப் போட்டேன். வாக்குப்பதிவு மே 10. என் கையெழுத்து வழக்கம்போலக் கோழி கிளறின மாதிரி இருந்தது.

மார்ச் 28, சனி

வெள்ளைக் கோட்டை அழித்துவிட்டு ஐந்தாவது கம்பத்தில் போடச் சொல்லிப் பொதுப்பணித் துறைக்குக் கடிதம் எழுதியிருக்கிறார் எங்கள் வீட்டுக்காரர். வரைபடம் இணைத்து, அங்குலக் கணக்கோடு. பதவிப் பெயர் போட இடம் இருந்தது. ‘ஜனாதிபதியின் மனைவி (பொறுப்பு)’ என்று போட்டிருக்கிறார்.

ஏப்ரல் 23, வியாழன்

பிரதமர் வந்தார். ஊர் ஊராகப் பேசித் தொண்டை கட்டிக் கிடக்கிறது. பத்து நிமிடம். பாதித் தேநீர். "போட்டி கடுமை" என்றார் சைகையில்.

மே 10, ஞாயிறு

வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன். முன்னால் போங்க என்றார்கள். எல்லோரும் நிற்கும் போது நான் மட்டும் என்ன? எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, "எங்க வீட்டு ஆடு இருமுது, என்ன குடுக்கலாம்?" என்று கேட்டார். சொன்னேன்.

மே 11, திங்கள்

எண்ணி முடித்தார்கள். பிரதமர் தோற்றுவிட்டார். ஒன்பது இட வித்தியாசத்தில்.

மே 12, செவ்வாய்

பதினோரு மணிக்கு வந்தார். கையில் ஒரு உறை. எந்தக் கையால் கொடுப்பது, நிற்பதா உட்காருவதா, என்ன சொல்லிக் கொடுப்பது, அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. செயலாளர் மரபு விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினார். தோற்ற பிரதமருக்கு அதில் பக்கம் இல்லை. எழுதியவர்களுக்கு அப்படி ஒன்று நடக்கும் என்று தோன்றவே இல்லை போலும்.

"சும்மா குடுங்க" என்றேன். கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். ஒரே வரி ராஜினாமாக் கடிதம்.

பிறகு உட்கார்ந்தோம். நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கிழமாகிவிட்டது, படி ஏறுவதில்லை என்றார். தேநீரை முழுசாகக் குடித்தார். இன்னொன்று கேட்டு வாங்கி அதையும் குடித்தார்.

கிளம்பும்போதுதான் பிரச்சினை. வாசலில் கார் நிற்கிறது, கொடியைக் கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுநர் பக்கத்தில் நிற்கிறார். "மேடம், இது பிரதமர் கார். ஐயா இப்பப் பிரதமர் இல்ல. நான் ஏத்தலாமா, கூடாதா?" என்று என்னிடம் கேட்கிறார். அழுதுவிடுவார் போல இருந்தது. பதினோரு வருடம் அவருக்கு ஓட்டியவர்.

"விடுப்பா, விதின்னா விதி" என்று ஓட்டுநரின் தோளில் தட்டினார் பழைய பிரதமர். "டாக்டரம்மா, ஒரு டாக்ஸி கூப்பிடச் சொல்லுங்களேன்."

டாக்ஸி வந்தது. பின்னால் ஏறினார். ஓட்டுநர் யாரென்று பார்க்காமலே, "எங்க போகணும்?" என்றார்.

"வீட்டுக்கு" என்றார் அவர். பிறகு நினைவு வந்து தெருப் பெயரைச் சொன்னார்.

வாசல் காவலர், மீசை நரைத்த ஆள், ஓடிவந்து என் பக்கத்தில் நின்றார். "அம்மா, சல்யூட் உண்டா, இல்லையா?"

"எனக்கும் தெரியாது. உங்களுக்கு என்ன தோணுது?"

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு குதிகால் அதிர விறைத்து நின்று, ஒரு சல்யூட் அடித்தார். டாக்ஸி திரும்பி மறையும் வரை கையை இறக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தத் தடவை கொட்டாவி இல்லை.

உள்ளே வந்ததும் செயலாளர் அலுவலகக் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "இத எப்படி எழுதுறது மேடம்? முன்ன யாரும் எழுதினதில்லையே."

"நடந்தத எழுதுங்க."

அவர் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்: ‘பிரதமர் தேர்தலில் தோற்றார். காலை 11.50 மணிக்கு டாக்ஸியில் வீட்டுக்குப் போனார்.’

கீழே கையெழுத்துப் போட்டேன்.